சிகிச்சை முடிந்தபின் அம்மாவுக்கு எடை ஏறுகிறது, பெரியப்பா இளைக்கிறார்: ஒரே அடுப்பில் என்ன செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம்: குடியாத்தம் பக்கம், பெரியவர்கள் ஐந்து பேர் உள்ள வீடு. அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் புற்றுநோய்; அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. தினமும் லெட்ரோசோல் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும்) மாத்திரை. உயரம் 152 செ.மீ., சிகிச்சைக்கு முன் 58 கிலோ, இப்போது 67. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார். அப்பாவுக்குச் சர்க்கரை. தம்பிக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, தொப்பை விழுந்துவிட்டது. கேட்பவருக்குப் பிரசவத்தில் ஏறிய எடை இறங்கவில்லை. பெரியப்பாவோ வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து 41 கிலோவுக்கு இளைத்துவிட்டார். "அம்மாவுக்குத் தனியாகச் சமைக்கணுமா? பால், சர்க்கரை, கறி எல்லாத்தையும் நிறுத்தி கேழ்வரகும் கீரைச் சாறும் மட்டும் கொடுக்கச் சொல்றாங்களே? எங்களுக்கும் இது வருமா?"

தனிச் சமையல் வேண்டாம். தனியாக வைத்த பத்தியச் சாப்பாடு பெரும்பாலும் ஒரு மாதம்கூடத் தாங்காது. மற்ற நாலு பேர் தட்டில் வறுவல் இருக்கும்போது ஒருவர் மட்டும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க மாட்டார். அதோடு, உங்கள் வீட்டில் எடை ஏறியிருப்பது அம்மாவுக்கு மட்டும் இல்லை. நாலு பேரும் ஒரே எண்ணெய் டின்னிலிருந்துதான் சாப்பிடுகிறீர்கள். மாற்ற வேண்டியது வீட்டுச் சமையலை. பெரியப்பாவுக்கும் அதே சமையல்தான், பரிமாறும்போது மட்டும் சில சேர்க்கைகள். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் எடை. கீமோ நாட்களில் சோறே இறங்கவில்லையே, எப்படி ஏறியது என்று பலருக்கும் குழப்பம். கீமோவோடு வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அது பசியைத் தூண்டும், உடம்பில் நீரைத் தேக்கும், தசையைக் கரைக்கும். அசதியில் மாதக்கணக்கில் படுத்திருந்தால் தொடைத் தசையும் இடுப்புத் தசையும் இன்னும் வற்றும். மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றைச் சுற்றிப் படியும். ஆக, 9 கிலோ ஏறியதாகத் தராசு காட்டினாலும் உள்ளே தசை குறைந்து, கொழுப்பு 9 கிலோவுக்கும் மேலேயே சேர்ந்திருக்கக்கூடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தரையிலிருந்து கையூன்றித்தான் எழ முடிகிறது என்றால் இது காரணமாக இருக்கலாம். இந்த நிலையில் பட்டினி கிடந்து குறைத்தால் கொழுப்போடு மிச்சத் தசையும் போகும். பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது ஏறுவது கொழுப்பாகத்தான் இருக்கும். "பத்து நாளில் ஐந்து கிலோ" திட்டங்களை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பது இதற்காக.

67 கிலோவை உயரத்தின் (1.52 மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 29 வருகிறது. நம் நாட்டவருக்கு 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து பருமன் என்று கணக்கு; வெள்ளைக்காரர்களின் 25, 30 நமக்குப் பொருந்தாது. அதைவிடப் பயனுள்ளது இடுப்பளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், தையல்கார டேப்பால் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. தம்பிக்கும் அளந்து பாருங்கள். முதல் இலக்கு ஆறு மாதத்தில் அம்மாவை 63 கிலோவுக்குக் கொண்டுவருவது. மாதம் முக்கால் கிலோ குறைந்தால் போதும். வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்ததும், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். தினம் பார்த்தால் நீர் ஏறி இறங்குவதைப் பார்த்து வீணாகப் பயப்படுவீர்கள்.

எடை குறைந்தால் நோய் திரும்பாது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். அதிக எடைக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டு என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் தொகுத்துச் சொல்லியிருக்கிறது. மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோயும் அதில் ஒன்று. வந்தபின் எடையைக் குறைத்தால் மறுபடி வராமல் தடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி, அதற்கு அவ்வளவு உறுதி கிடையாது. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, இதயம் இவற்றுக்கு நன்மை நிச்சயம். சிகிச்சை முடிந்த பலருக்கு மிச்ச ஆயுளில் தொல்லை தருபவை இவைதான்.

கீரைச் சாறு சொல்கிறவர்களுக்காக ஒரு தகவல். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்த மூவாயிரத்துச் சொச்சம் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, முடிவு 2007-இல் வெளிவந்தது. ஒரு பாதியினர் காய், பழம், காய்ச்சாறு, நார்ச்சத்தை நன்றாகக் கூட்டி, கொழுப்பைக் குறைத்தார்கள். சுமார் ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் நோய் திரும்புவதில் இரு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. அவர்கள் எடையும் குறைந்திருக்கவில்லை. மாறாக, 2025-இல் வந்த குடல் புற்றுநோய் ஆய்வு ஒன்றில், கீமோ முடித்த 889 பேரில் ஒரு பாதியினருக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரின் கண்காணிப்பில் உடற்பயிற்சி கொடுத்தார்கள். எட்டாம் ஆண்டில் அந்தப் பிரிவில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். புத்தகம் மட்டும் கொடுத்த பிரிவில் 83 சதவீதம். குடல் நோயில் கிடைத்த பலனை அப்படியே மார்பகத்துக்குச் சொல்ல முடியாது. ஆனால் காலையில் மிக்ஸியைத் தேடுவதைவிடச் செருப்பைத் தேடுவது மேல் என்பேன்.

இனி அடுப்படி. எண்ணெயிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபமாக அளக்கக்கூடியது. ஐந்து பேருக்கு மாதம் 5 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், அதாவது 275 கலோரி. 3 லிட்டரில் நிறுத்தினால் 18 கிராம், 165 கலோரி. ஒருவருக்கு தினம் 110 கலோரி மிச்சம், யாரும் பட்டினி கிடக்காமல். மாதம் பிறந்ததும் 3 லிட்டரைத் தனியாக எடுத்து வைத்து, பாக்கெட் பிரித்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். இருபதாம் தேதியே தீர்ந்தால் எங்கே போனது என்று தேடலாம். வழக்கமாக மூன்று இடங்களில் போகிறது: மேலே எண்ணெய் மிதக்க வேண்டும் என்று வைக்கும் காரக்குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய், தினம் பொரிக்கும் அப்பளமும் வத்தலும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் மிதக்கவிடாமல் ஆவியில் பாதி வேகவைத்து, பிறகு இரண்டு ஸ்பூன் எண்ணெயில் மசாலாவோடு பிரட்டினாலும் நன்றாகவே இருக்கும். எண்ணெயைக் கரண்டியால் அளந்து சட்டியில் ஊற்றுங்கள், டின்னிலிருந்து நேராக வேண்டாம். பொரித்த எண்ணெயை மறுநாள் பொரிக்க மறுபடி காய்ச்சாதீர்கள்.

அடுத்தது பருப்பு. நம் பக்கத்து சாம்பாரின் பெரிய குறை அதன் தண்ணீர். ஐந்து பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 20 கிராம், அதில் புரதம் நாலரை கிராம்தான். காரக்குழம்பு, ரசம் வைக்கும் நாளில் அதுவும் இல்லை. அம்மாவுக்குத் தசையைத் திரும்பக் கட்ட நாளுக்கு 65 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். சைவ நாளில் எப்படிச் சேர்ப்பது? பருப்பை இரட்டிப்பாக்கி ஐந்து பேருக்கு 200 கிராம் போடுங்கள், ஆளுக்கு 9 கிராம் வரும். மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலை அல்லது காராமணிச் சுண்டல், 8 கிராம். இரண்டு முட்டை, 12 கிராம். பாலும் தயிருமாக 400 மி.லி., 13 கிராம். ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை (20 கிராம்), 5 கிராம். அரிசி, கேழ்வரகு வகையில் 180 கிராமிலிருந்து ஏறக்குறைய 14. காய்கறியில் நாலு. மொத்தம் 65. கோழியோ மீனோ 100 கிராம் சேரும் நாளில் அதிலேயே 20 வந்துவிடும், அன்று முட்டையையும் கடலையையும் விட்டுவிடலாம். பெரியப்பாவைத் தவிர மற்ற மூவருக்கும் ஏறக்குறைய இதே தட்டுதான். அப்பாவுக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் தட்டில் இடம் வேண்டுமே. சோற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு மதியம் அரை ஆழாக்கு அரிசி, அதாவது 75 கிராம். வெந்தால் இரண்டு சின்னக் கிண்ணம் சோறு. முதலில் பொரியலையும் பருப்பையும் தட்டில் வைத்து, மிச்ச இடத்தில் சோறு போடுங்கள். காலையில் தோசை, மதியம் சோறு, இரவு மறுபடி தோசை என்றால் மூன்று வேளையும் அரிசிதான். இரவு தோசையில் ஒன்றைக் குறைத்து முட்டையோ பாசிப்பயறுச் சுண்டலோ வையுங்கள்.

கேழ்வரகு பற்றி நம் ஊரில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அது எடையைக் குறைக்கும் என்று. 100 கிராம் மாவில் 320 கலோரி, அரிசியில் 350. பெரிய வித்தியாசம் இல்லை. 100 கிராம் மாவும் 30 கிராம் நொய்யும் போட்டுக் கிளறிய களி, சுமார் 425 கலோரி. அரை ஆழாக்கு அரிசிச் சோறு 260. களி நல்லது, அதில் சந்தேகம் இல்லை: நார்ச்சத்து அதிகம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். லெட்ரோசோல் எலும்பை மெலிய வைக்கும் மாத்திரை என்பதால் அம்மாவுக்கு அது தேவையும்கூட. ஆனால் உருண்டையின் அளவு சின்ன ஆரஞ்சுப்பழம் அளவுக்கு இருக்கட்டும். தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல் ஒரு முழுக் கிண்ணம். கருவாட்டுக் குழம்பு வைத்தால் கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து உப்பை இறக்குங்கள். அப்பாவுக்கு மெல்லிய கேழ்வரகுக் கஞ்சி வேண்டாம், நைசான மாவுக் கஞ்சி சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றிவிடும். களியாகவே சாப்பிடட்டும்.

சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி என்று சொல்கிறார்கள். உடம்பின் எல்லா செல்லும் குளுக்கோஸைப் பயன்படுத்துகிறது. வாயால் சாப்பிடுவதை நிறுத்தினால் கல்லீரல் தானே உண்டாக்கிக் கொடுக்கும். ஆகவே சர்க்கரையை விட்டு நோயைப் பட்டினி போட முடியாது. ஆனால் பீடி சுற்றும்போது ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 50 கிராம், 200 கலோரி. அதை இரண்டு டீ, ஒரு ஸ்பூன் என்று ஆக்கினால் 160 கலோரி மிச்சம். குறைப்பதற்குக் காரணம் அதுதான். பாலை நிறுத்த வேண்டாம், எலும்புக்கு வேண்டும். மீல்மேக்கர், சோயா பயந்து ஒதுக்கவேண்டிய பொருள் இல்லை, உணவு அளவில் மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்குப் பாதுகாப்பானது. பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கும் சோயா வேறு. மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடுவதைத் தொட வேண்டாம். மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை, டமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் இன்னொரு ஹார்மோன் மருந்து) சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். பெயர் தெரியாத லேகியம், சூரணம் எது வாங்கினாலும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கறி வாரம் இரண்டு முறை, கோழி, மீன் அதிகமாக, ஆட்டுக்கறி குறைவாக. ஆம்பூர் பிரியாணியை வாழ்நாள் முழுக்கத் தடை செய்யச் சொன்னால் நான் அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. மாதம் இரண்டு முறை, அரை பிளேட், கத்திரிக்காய்த் தொக்கைவிடத் தயிர்ப்பச்சடி அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்காடு மக்கன் பேடா வேறு கதை: மைதாவும் கோவாவும் எண்ணெயில் வெந்து பாகில் ஊறுவது, பெட்டியாக வீட்டுக்கு வரக்கூடாது, கடையில் நின்று ஒன்று சாப்பிட்டு வரலாம். தம்பி ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் சாப்பிடும் பரோட்டாவையும் பஜ்ஜியையும் திட்டி நிறுத்த முடியாது. கிளம்பும்போதே டிபன் பாக்ஸில் சுண்டலோ அவித்த கடலையோ கொடுத்தனுப்புங்கள், பசியோடு கடை முன் நிற்க மாட்டார். மது பழக்கம் இருந்தால், புற்றுநோய்க்கு 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது.

அசைவு பற்றி. பீடி சுற்றுவது முறத்தை மடியில் வைத்து ஏழெட்டு மணி நேரம் அசையாமல் உட்காரும் வேலை. நாலு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல்வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடிகாரம் தேவையில்லை, கட்டே கணக்கு. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும், புகையிலைத் தூள் விரலில் இருக்கும். முடிந்தால் அந்த வேலையையே மாற்றுவது நல்லது. வருமானம் அதில் இருக்கும்போது இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது என்று தெரியும்.

நடைக்கு வேலூர் வெயிலே முதல் எதிரி. பங்குனியிலிருந்து ஆனி வரை காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். முதல் வாரம் பத்து நிமிடம், காலையும் மாலையும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி என்ற இடத்தில் நிறுத்துங்கள். வேகம் எப்படி? பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. கீமோவால் பாதம் மரத்திருந்தால் வெறுங்காலோடு நடக்கவிடாதீர்கள். பின்பக்கம் பட்டி வைத்த செருப்போ ஷூவோ போட்டு, இரவில் உள்ளங்காலைப் பார்த்துப் புண் இருக்கிறதா என்று தேடுங்கள். லெட்ரோசோல் சாப்பிடுகிறவர்களில் பலருக்குக் காலையில் விரலும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். வலிக்கிறது என்று படுத்தால் கூடும், நடந்தால் குறையும். இதையும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

நடை மட்டும் தசையைக் கட்டாது. வாரம் இரண்டு நாள், இடையில் ஓய்வு விட்டு: கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, குதிகாலைத் தூக்கி நிற்பது பத்து முறை, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழங்கை மடக்கித் தூக்குவது பத்து முறை. இரண்டு சுற்று. அறுவை நடந்த பக்கத்துக் கையால் எதையும் தூக்கக்கூடாது என்பது பழைய அறிவுரை. மெல்ல மெல்லக் கூட்டிச் செய்யும் பளுப்பயிற்சி, சிகிச்சைக்குப்பின் சிலருக்கு அந்தக் கையில் வரும் வீக்கத்தைக் கூட்டுவதில்லை என்று 2009-இலேயே காட்டிவிட்டார்கள். ஆபத்து திடீர்ப் பளுவில்: ஒரு குடம் தண்ணீர் 12 முதல் 15 கிலோ. மாதக்கணக்கில் சும்மா இருந்த கையால் அதை ஒரே மூச்சில் தூக்கினால் வீங்கலாம். அரை கிலோவில் தொடங்கி, மறுநாள் மோதிரமோ வளையலோ இறுகவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து அடுத்த அரை கிலோ. இறுகினால் நிறுத்தி, பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, கையில் மாட்டும் அழுத்த உறை வேண்டுமா என்று கேளுங்கள்.

இப்போது பெரியப்பா. அவருக்கு மேலே சொன்ன எண்ணெய்க் கணக்கு எதுவும் கிடையாது. கதிர்வீச்சுக்குப் பிறகு எச்சில் வற்றும், வாய் முழுதாகத் திறக்காது, காரம் தாங்காது. அதனால் வீட்டில் கொடுப்பது தண்ணீராகக் கரைத்த கஞ்சி. ஒரு டம்ளரில் 20 கிராம் மாவு, 65 கலோரி. ஆறு டம்ளர் குடித்தாலும் 400 எட்டாது. இளைக்காமல் என்ன செய்வார்? அதே கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் 200 மி.லி. பாலில் காய்ச்சி, இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர், சலித்த வேர்க்கடலைப் பொடி 15 கிராம், ஒரு ஸ்பூன் நெய், கொஞ்சம் வெல்லம் சேர்த்தால் 440 கலோரி, புரதமும் 15 கிராம். கடலைப் பொடியைக் கட்டாயம் சலியுங்கள், ஒரு குறுநொய் தொண்டையில் மாட்டினாலும் புரையேறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு ஆறு வேளை. குழைத்த சோற்றில் கட்டிப் பருப்பு, நெய், அவித்து மசித்த முட்டை. சாம்பாரில் மிளகாய் போடுவதற்கு முன்பே அவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுங்கள். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமினால் அது நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். விழுங்கும் பயிற்சி தருபவரிடம் உடனே காட்ட வேண்டும். பல் வலித்தால் பக்கத்துக் கிளினிக்கில் பிடுங்கிவிடாதீர்கள்: கதிர்வீச்சு பட்ட தாடை ஆறாமல் எலும்பு செத்துப்போகலாம், சிகிச்சை தந்த மருத்துவரைக் கேட்காமல் பல்லில் கை வைக்கக்கூடாது. பாக்கு, ஹான்ஸ் மறுபடி எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தருவதுதான்.

உங்களுக்கு வருமா? ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்ததால் பரம்பரை என்று பயப்படுகிறீர்கள். அம்மாவும் பெரியப்பாவும் ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் இல்லை. வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் குற்றவாளி புகையிலையும் பாக்கும். மொத்தப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணுவால் வருபவை 5 முதல் 10 சதவீதம். அம்மாவின் தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய், அல்லது ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், மாமோகிராம் எந்த வயதில் தொடங்க வேண்டும் என்று அம்மாவின் மருத்துவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் 40 என்பார். அதற்கிடையில் மார்பில் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் ரத்தக்கசிவு எது கண்டாலும் வயதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் முடிந்தவரை நீட்டுங்கள். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்கும்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன், வைட்டமின் டி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைக் கேளுங்கள். கால்சியம் மாத்திரை எவ்வளவு என்பது அதன்பிறகு. வாராந்தர எடைக் குறிப்பையும் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி மூச்சு வாங்கினால் அது கொழுப்பு இல்லை, நீர். சில கீமோ மருந்துகள் இதயத்தைத் தளர்த்தும், ஆகவே அன்றே போக வேண்டும். எந்த முயற்சியும் இல்லாமல் ஒரு மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் இறங்கினாலோ, புதிதாக ஓரிடத்தில் எலும்புவலி விடாமல் இருந்தாலோ, எடை குறைகிறதே என்று சந்தோஷப்படாமல் தேதிக்குக் காத்திராமல் காட்டுங்கள். பெரியப்பாவுக்கு அந்த எல்லை இன்னும் குறைவு: 41-லிருந்து இன்னொரு கிலோ இறங்கினாலே மூக்குவழிக் குழாயோ வயிற்றுக் குழாயோ தேவையா என்று கேட்க வேண்டும்.